ஸ்பெல் இன்எஃபெக்டிவ்: எஸ்.சி.எஸ். என்னும் கறார் வாத்தியார்

பால்டர்ஸ் கேட் முதல் பாகம் 1998-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2000-ல். இரண்டும் பயோவேர் செய்தவை. கணக்குப் பார்த்தால் பழைய சரக்கு. ஆனாலும் இன்றைக்கும் இதைத் திரும்பத் திரும்ப ஆடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பலர் ஒரு கட்டத்தில் வந்து சேருகிற இடம் ‘ஸ்வோர்டு கோஸ்ட் ஸ்ட்ராட்டஜம்ஸ்’ என்ற மாட். (மாடு இல்லை, மாட். மூல விளையாட்டின் மேல் ரசிகர்கள் எழுதி ஒட்டுகிற நிரல்தொகுப்பு.) சுருக்கமாக எஸ்.சி.எஸ். எதிரிகளை புத்திசாலிகளாக்குவதுதான் இதன் வேலை.

இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் வாக்கியம் “லேர்னிங் கர்வ் ரொம்ப செங்குத்து, பார்த்துக்கோங்க” என்பது. அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மாடைப் பற்றிய என் விமர்சனமும் அதிலிருந்துதான் வருகிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கற்றல் வளைகோடு என்பது ஆரம்பத்தில் நிஜமாகவே வரையப்பட்ட ஒரு கோடு. 1885-ல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நினைவில் நிற்கிறது, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். 1936-ல் டி. பி. ரைட் என்ற விமானப் பொறியாளர், தயாரித்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று காட்டினார். கிடைமட்டத்தில் பயிற்சி, செங்குத்தில் திறமை என்று வைத்தால், கோடு செங்குத்தாக இருப்பதற்கு அர்த்தம் ‘சீக்கிரம் கற்றுக்கொண்டார்’ என்பதுதான். நாம் பேச்சில் சொல்வது நேர் எதிர். மலை ஏறுகிற கஷ்டத்தை மனசில் வைத்துக்கொண்டு சொல்கிறோம். சரி, பேச்சு வழக்கு, விட்டுவிடலாம். ஆனால் ஒரு கேம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்று விமர்சனம் பண்ணும்போது இந்தக் குழப்பம் காரியத்தைக் கெடுக்கிறது. கஷ்டம் என்பது ஒன்று, கற்றல் என்பது வேறொன்று. கஷ்டம் மட்டும் ஏறிக் கற்றல் ஏறாத மாட்கள் இருக்கின்றன. எஸ்.சி.எஸ். எந்த இடத்தில் எந்த வகை என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இதில் உதவியது விமானமும் இல்லை, அசைகளும் இல்லை. தந்தி. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் 1897-லும் 1899-லும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மோர்ஸ் கற்றுக்கொள்கிறவர்களின் வேகத்தை வாராவாரம் அளந்தார்கள். தந்தி அனுப்பும் திறமை சீராக ஏறுகிறது. ஆனால் காதால் கேட்டு வாங்கும் திறமை கொஞ்சம் ஏறி, பிறகு நீண்ட காலம் தட்டையாகக் கிடந்து, பிறகு மறுபடி ஏறுகிறது. அவர்கள் சொன்ன விளக்கம் இது: முதலில் ஆள் எழுத்தைக் கேட்கிறார், அப்புறம் சொல்லைக் கேட்கிறார், கடைசியில் சொற்றொடரையே மொத்தமாகக் கேட்கிறார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகிற இடைவெளிதான் அந்தத் தட்டை. தேர்ந்த ஆள் சத்தத்துக்குச் சில சொற்கள் பின்தங்கியே எழுதுவாராம், அவசரமே இல்லாமல். 1958-ல் ஃப்ரெட் கெல்லர், அந்தத் தட்டைப் பகுதி எல்லோருக்கும் வருவதில்லை, அது ஒரு மாயை என்று மறுத்து எழுதினார். தட்டை உண்டோ இல்லையோ, எழுத்து, சொல், சொற்றொடர் என்ற அடுக்கு எனக்கு உபயோகமாக இருக்கிறது. எஸ்.சி.எஸ்.ஸில் மந்திரவாதிகளோடு மோதுவது அப்படியே ஒரு மொழி கற்பதுதான்.

மூல விளையாட்டில் கஷ்டத்தைக் கூட்ட ஒரு நகர்த்தி இருக்கிறது. அதைக் கடைசிவரை தள்ளினால் ‘இன்சேன்’. எதிரி அடிக்கும் அடி இரட்டிப்பாகும், அவ்வளவுதான். அதே முட்டாள் எதிரி, கையில் பெரிய தடி. அதில் ஆடி ஜெயித்தவருக்கு என்ன புதுசாகத் தெரியும்? மருந்துக் குப்பி நிறைய வாங்கணும் என்று தெரியும். (பீம்டாக் மறுவெளியீடு செய்த மேம்பட்ட பதிப்பில் இந்தக் கூடுதல் அடியை மட்டும் அணைத்துவைக்க ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அதுவே ஒரு ஒப்புதல் மாதிரிதான்.)

எஸ்.சி.எஸ். இந்த வழியில் போகவில்லை. எதிரியின் உயிர்ப்புள்ளியை ஊதிப் பெருக்காமல், பெரும்பாலும் நமக்குள்ள அதே விதிகளுக்குள், அதே மந்திரப் பட்டியலுக்குள் அவனை யோசிக்க வைக்கிறது. மூலத்தில் நாலு எலும்புக்கூட்டை ஏவிவிட்டு மூலையில் நின்றால் எதிரி மந்திரவாதி இருக்கிற மந்திரத்தையெல்லாம் அவற்றின் மேலேயே வீணாக்கி முடிப்பான். கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து விஷப்புகையை வீசினால் நின்ற இடத்திலேயே இருமிச் சாவான். இங்கே அதெல்லாம் நடக்காது. புகை வந்தால் விலகுவான், வீசிய ஆளைத் தேடி வருவான். ஒருத்தனைத் தொட்டால் பக்கத்து அறையில் இருப்பவர்களைக் கூவி அழைப்பான். எதிரிக்கும் மருந்துக் குப்பியைக் குடிக்கத் தெரியும்.

இதற்கு முன்னோடியாக டாக்டிக்ஸ் என்று ஒரு மாட் உண்டு. வைடியூ என்ற மாட் நிறுவும் கருவியை எழுதிய வெஸ்லி வைமருடையது. (கருவி ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது என்பது என்னைப் போன்றவர்களுக்குத் தனி சந்தோஷம்.) டாக்டிக்ஸில் இரண்டாம் பாகத்தின் முதல் நிலவறையிலேயே இலிச் என்ற குள்ளனின் கும்பலைப் பலப்படுத்தி வைக்கிற ஒரு பகுதி இருக்கிறது. இப்பதான் கூண்டிலிருந்து தப்பி வந்திருக்கிறோம், கையில் சரியான வாள்கூட இல்லை, எதிரே ஒரு சுவர். அதை ஜெயித்தாலும் அடுத்த சண்டைக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் தெரிந்துகொள்வதில்லை. அந்தச் சுவரைத் தாண்ட மட்டும்தான் தெரியும்.

எஸ்.சி.எஸ். முதலில் முதல் பாகத்துக்காக எழுதப்பட்டு, பிறகுதான் இரண்டாம் பாகத்துக்கு விரிந்தது. அது ஆடும்போதே தெரிகிறது. ஏனென்றால் முதல் பாகத்தில் இந்த மாட் ஒரு நல்ல வாத்தியார்.

முதல் பாகத்தின் ஆரம்பத்திலேயே ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டில் டார்னெஷ் என்று ஒருவன் நிற்பான். மாட் இல்லாமலேயே புதுசா வருகிறவர்களை அள்ளிக்கொண்டு போகிற ஆள் இவன். முதலில் மிரர் இமேஜ், தன்னைப் போலவே சில பிம்பங்கள். அடுத்தது ஹாரர், நம் ஆட்கள் பயந்து சிதறி ஓடுவார்கள். நம்மிடம் ஐந்தாறு உயிர்ப்புள்ளி. ஆனால் பாடம் தெளிவு: மந்திரம் ஓதி முடிப்பதற்குள் ஒரு அம்பு பட்டால் மந்திரம் கலைந்துவிடும். பிம்பம் இருந்தால் அம்பு பிம்பத்தைத்தான் தின்னும். அதனால் அவன் முதல் மந்திரத்தை ஆரம்பிக்கும்போதே எல்லோரும் சுட வேண்டும். இரண்டு எழுத்து, ஒரு பதில். செத்தாலும் எதனால் செத்தோம் என்று தெரிந்தே சாகிறோம்.

அங்கிருந்து நாஷ்கெல் சுரங்கம், கொள்ளைக்காரர் முகாம், க்ளோக்வுட் என்று போகப் போக எதிரி மந்திரவாதிகளின் நிலையும் நம் நிலையும் கிட்டத்தட்ட கைகோத்தபடி ஏறுகின்றன. விரிவுத்தொகுப்போடு சேர்த்து முதல் பாகத்தின் அனுபவப்புள்ளி உச்சவரம்பு 1,61,000. ஒரு தனி மந்திரவாதிக்கு ஒன்பதாம் நிலை வர 1,35,000 வேண்டும். அதாவது ஐந்தாம் படி மந்திரம் கைக்கு வருவதே விளையாட்டின் வால்பகுதியில். ஆகவே எதிரிகளிடமும் பெரும்பாலும் நான்காம் படிக்குள்தான். முதலில் பிம்பம், பயம். கொஞ்சம் கழித்து நெருப்புக்கோளம். அப்புறம் ஸ்டோன்ஸ்கின், மைனர் க்ளோப், இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டி. ஒரு எழுத்தைப் படித்து ஜீரணித்த பிறகு அடுத்த எழுத்து. மாட் எழுதியவர் இதை யோசித்துத்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. குறைந்த நிலை என்கிற வேலி தானாகவே பாடத்திட்டமாகி நிற்கிறது.

இரண்டாம் பாகத்தில் அந்த வேலி இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிற பாத்திரத்துக்கு 89,000 அனுபவப்புள்ளி. தனி மந்திரவாதிக்கு எட்டாம் நிலை 90,000-ல் வருகிறது. ஆக ஏழாம் நிலை, ஒற்றை நான்காம் படி மந்திரம். இந்த நிலையில் நிலவறையிலிருந்து வெளியே வந்தால் அத்கட்லா நகரத்தின் சந்தை, வாக்கீன்ஸ் ப்ராமனேட். சந்தையிலேயே ஒரு விடுதி, டென் ஆஃப் தி செவன் வேல்ஸ். மாடிக்குப் போனால் மென்கார் என்பவனின் கும்பல், மந்திரவாதியோடு. கோயில் பகுதியின் பாதாளச் சாக்கடையில் டார்னர் கும்பல், அதில் கையஸ் என்கிற மந்திரவாதி. இரண்டும் விளையாட்டின் முதல் ஒரு மணி நேரத்தில் காலில் இடறுகிற தூரம். கதை நமக்குச் சொல்வது 20,000 தங்கம் சேர்த்துக்கொண்டு வா என்று. எங்கே எளிது, எங்கே கடினம் என்று சொல்வதில்லை. மூல விளையாட்டில் இந்தச் சுதந்திரம்தான் அதன் பெருமை. முட்டாள் எதிரிகள் என்பதால் எந்த வரிசையில் போனாலும் சமாளிக்கலாம். எஸ்.சி.எஸ். போட்ட பிறகு அதே சுதந்திரம் ஒரு பொறி ஆகிவிடுகிறது. பாடப் புத்தகத்தைக் கலைத்துப்போட்டு, எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் திற என்று சொல்வது மாதிரி.

கணக்காகவே பார்க்கலாம். எதிரி மந்திரவாதி ஸ்டோன்ஸ்கின் போட்டிருக்கிறான், அதன்மேல் ப்ரொடெக்ஷன் ஃப்ரம் மேஜிக்கல் வெப்பன்ஸ். இவற்றை உரிப்பது பிரீச். பிரீச் ஐந்தாம் படி. நமக்கு ஒன்பதாம் நிலை வரை கிடையாது. அவன் இம்ப்ரூவ்டு இன்விசிபிலிட்டியில் இருந்தால் நேராகக் குறிவைக்கவே முடியாது, அதை நீக்க ட்ரூ சைட் வேண்டும். மந்திரவாதிக்கு அது ஆறாம் படி, பன்னிரண்டாம் நிலை, 7,50,000 புள்ளி. அவன் ஸ்பெல் இம்யூனிட்டியில் டிவினேஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால் ட்ரூ சைட்டும் செல்லாது. அப்ஜுரேஷனைத் தேர்ந்தெடுத்திருந்தால் பிரீச் செல்லாது. அதை உடைக்க ஏழாம் படி ரூபி ரே. கேள்வித்தாள் முதல் மணி நேரத்தில் கைக்கு வருகிறது, விடை எழுத வேண்டிய பேனா முப்பது மணி நேரம் கழித்து.

பொதுவான டிஸ்பெல் மேஜிக் மூன்றாம் படிதானே, அது இருக்கிறதே என்பீர்கள். அது நிலைகளை ஒப்பிடுகிறது. சம நிலை என்றால் 50 சதவீதம். எதிரியைவிட நாம் ஒவ்வொரு நிலை உயர்வுக்கும் 5 கூடும், ஒவ்வொரு நிலை தாழ்வுக்கும் 10 குறையும். எட்டாம் நிலை ஆள் பதினான்காம் நிலை மந்திரவாதியின் மேல் போட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இங்கேதான் கெல்டோர்ன் வருகிறார். கோயில் பகுதிச் சாக்கடையிலேயே கிடைக்கிற வயதான வீரர், இன்க்விசிட்டர் வகை. ட்ரூ சைட் இவருக்குப் பிறவிச் சொத்து. டிஸ்பெல் தன் நிலையைப்போல் இரு மடங்காகச் செயல்படும். ஒன்பதாம் நிலை கெல்டோர்ன் பதினெட்டாக எண்ணப்படுகிறார். அதே பதினான்காம் நிலை எதிரியின் மேல் 70 சதவீதம். பூஜ்யத்திலிருந்து எழுபது, ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டதால்! கற்றுக்கொண்டதால் இல்லை.

எஸ்.சி.எஸ்.ஸைப் பற்றி என் முதல் பெரிய குறை இதுதான். இரண்டாம் பாகத்தின் முன்பகுதியில் தேர்ச்சி என்று நாம் நினைக்கிற பலது உண்மையில் கூட்டாளித் தேர்வு. ‘கெல்டோர்னைக் கூட்டிட்டு போங்க’ என்கிற ஒற்றை வரி அறிவுரை பத்து மணி நேரக் கற்றலுக்குச் சமமாக இருந்தால், அங்கே வளைகோடு இல்லை, ஒரு சாவியும் ஒரு பூட்டும் இருக்கின்றன. மாட் எழுதியவருக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். இன்க்விசிட்டரின் டிஸ்பெல்லை ஒன்றரை மடங்காகக் குறைக்க ஒரு விருப்பத் தேர்வு அதிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் மேலே சொன்ன 70 சுமார் 40 ஆகிறது. நான் அதைப் போட்டுத்தான் ஆடுகிறேன். சாவி கொஞ்சம் துருப்பிடித்தால்தான் பூட்டைத் திரும்பிப் பார்ப்போம்.

அடுத்தது பின்னூட்டம். நம்ம தொழிலில் தினமும் பார்க்கிற விஷயம் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். மந்திரம் வேலை செய்யவில்லை என்றால் திரையின் கீழே ஒரு வரி வரும்: ‘ஸ்பெல் இன்எஃபெக்டிவ்’. வாள் படவில்லை என்றால் ‘வெப்பன் இன்எஃபெக்டிவ்’. அவ்வளவுதான். ஏன் படவில்லை, எந்தப் பாதுகாப்பு தடுத்தது, ஒன்றும் கிடையாது. ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்று மட்டும் சொல்லும் மென்பொருளை நாம் எப்படித் திட்டுவோம்? இது அதுதான். மூல விளையாட்டில் இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எஸ்.சி.எஸ்.ஸில் ஐந்து அடுக்குப் பாதுகாப்பில் எது தடுத்தது என்று இந்த ஒரு வரியை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய இன்ஜின், மாட் எழுதுபவரால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரச்சினையைப் பெரிதாக்கியது மாட்தான்.

இதற்கு ஈடாக ஒரு அழகான விஷயம் அந்த இன்ஜினிலேயே இருக்கிறது. மந்திரம் ஓதும்போது ஒவ்வொரு மந்திரப் பள்ளிக்கும் ஒரு தனி உச்சாடனம். அப்ஜுரேஷனுக்கு ஒரு குரல், இல்யூஷனுக்கு வேறு. கூடவே பதிவில் மந்திரத்தின் பெயரும் ஓடும். பல மாதங்கள் ஆடியவர்களுக்குப் பதிவைப் பார்க்கவே தேவையில்லை. காதில் விழுகிற முதல் அசையிலேயே கை இடைநிறுத்தப் பொத்தானுக்குப் போய்விடும். பிரையனும் ஹார்ட்டரும் அளந்த தந்திக்காரர்கள் செய்ததும் இதுதான்: டக்கு டக்கு சத்தத்தில் எழுத்து கேட்பது, பிறகு சொல் கேட்பது. இல்யூஷன் குரலும் அதைத் தொடர்ந்து அப்ஜுரேஷன் குரலும் கேட்டால் ‘மறைந்துகொண்டு ட்ரூ சைட்டைத் தடுக்கிறான்’ என்று ஒரே சொல்லாகக் கேட்கப் பழகிவிடுகிறோம். இந்த இணைப்பு, அதாவது கண்ணுக்கு மறைவதும் மறைவைக் கலைப்பதைத் தடுப்பதும் சேர்ந்தது, எஸ்.சி.எஸ். மந்திரவாதியின் ‘வணக்கம்’ மாதிரி. நேராகக் குறிவைக்க முடியாது, மறைவையும் நீக்க முடியாது. இதற்கு விதிப்படி பதில் மிகக் குறைவு என்பதால் மாட் எழுதியவரே பாதுகாப்பை உரிக்கிற மந்திரங்கள் மறைவையும் மீறிப் படும்படி ஒரு பகுதியைச் சேர்த்திருக்கிறார். நல்ல முடிவு. எழுத்து எழுத்தாகப் படித்தவருக்குச் சொல் கிடைக்கும் இடம் இது.

ஆனால் இந்தக் காதுப் பாடத்தைக் கெடுப்பதும் இதே மாட். நிறுவும்போது கறுப்புத் திரையில் கேள்வி கேள்வியாக வரும். அதில் ஒன்று: குறுகிய நேரப் பாதுகாப்பு மந்திரங்களை மந்திரவாதிகள் சண்டை ஆரம்பித்த நொடியிலேயே போட்டுக்கொள்ளலாமா? முன்கூட்டியே தயாராக இருந்ததாகப் பாவனை. லாஜிக்படி நியாயம்தான். நாமும் கதவுக்கு வெளியே நின்று ஏழெட்டுப் பாதுகாப்பு போட்டுக்கொண்டுதானே உள்ளே போகிறோம், அவன் மட்டும் ஏன் வெறும் உடம்போடு நிற்க வேண்டும்? ஆனால் கற்பித்தல் என்று பார்த்தால் பெரிய சேதம். உடனடியாகப் போடுகிற மந்திரத்துக்கு ஓதும் நேரம் கிடையாது, ஆகவே உச்சாடனம் கிடையாது. எல்லா ஒளியும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே நொடியில் மினுங்கி அடங்கிவிடும். ஐந்து சொற்களை ஒரே நேரத்தில் ஐந்து பேர் கத்தினால் மோர்ஸ் கற்க முடியுமா?

ஏற்கனவே சொற்றொடர் கேட்கத் தெரிந்தவருக்கு இது நல்ல சவால். மினுங்கலை வைத்தே என்ன போட்டிருப்பான் என்று ஊகிப்பார். புதியவருக்கு வெறும் இரைச்சல். புதியவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: சாவது, சேமித்த இடத்துக்குத் திரும்புவது, மறுபடி போவது. அப்போது அவர் கற்றுக்கொள்வது ‘இந்த அறையில் இந்த ஆள் இதைச் செய்வான்’ என்பதை. அடுத்த அறைக்கு அது உதவாது.

செத்த சண்டைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். காரணம் என்ற கட்டத்தில் மூன்று வகைதான் எழுதுவேன். அவன் போட்ட மந்திரம் எனக்குத் தெரியாது. தெரியும், பதில் கையில் இல்லை. பதில் கையில் இருந்தது, வரிசை பிசகிவிட்டது. முதல் வகை மந்திரக் குறிப்பைப் படித்தால் தீரும். இந்த மாட் ஒரு ஆளை மந்திர விளக்கங்களை ஆவணம் படிப்பதுபோல் வரிவரியாகப் படிக்க வைக்கிறது, அது சின்ன சாதனை இல்லை. மூன்றாவது வகைதான் உண்மையான கற்றல், அதில் செத்தாலும் சந்தோஷமாக இருக்கும். முதல் பாகத்தில் என் நோட்டில் ஒன்றும் மூன்றும்தான் அதிகம். இரண்டாம் பாகத்தின் முன்பகுதியில் பக்கம் பக்கமாக இரண்டாவது. அங்கே கேம் என்னிடம் கேட்டது அறிவை இல்லை, அனுபவப்புள்ளியை.

நடுப்பகுதியில், ஒன்பதிலிருந்து பதினான்கு நிலை வரைக்கும், எஸ்.சி.எஸ். தன் உச்சத்தில் இருக்கிறது. கருவிகள் கையில் வந்துவிட்டன, ஆனால் எண்ணிக்கை குறைவு. இரண்டு பிரீச்தான் இருக்கிறது, இரண்டு மந்திரவாதிகள் எதிரே. யாருக்கு முதலில்? ப்ரொடெக்ஷன் ஃப்ரம் மேஜிக்கல் வெப்பன்ஸ் நாலு சுற்றுதான் நிற்கும், 24 நொடி. அதற்கு பிரீச்சைச் செலவழிப்பதா, ஓடி ஒளிந்து காலத்தைக் கடத்துவதா? மந்திரமில்லாத சாதாரண வாள் ஒன்றைப் பையில் வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பை அது சட்டை செய்யாது என்பதையும் இங்கேதான் கண்டுபிடிப்போம். பளபளக்கும் வாள் எல்லாம் விறகாகிப்போன இடத்தில் கடையில் வாங்கிய இரும்பு வேலை செய்கிறது. விளையாட்டில் அதைவிட இனிய தருணம் எனக்குக் குறைவு.

இந்த நடுப்பகுதிக்கு நான் பரிந்துரைக்கும் பள்ளிக்கூடம் கௌல்டு விஸர்ட்ஸ். அத்கட்லாவில் உரிமம் இல்லாமல் மந்திரம் போடக்கூடாது. போட்டால் இந்த முகமூடிக்காரர்கள் முதலில் எச்சரிப்பார்கள், மறுபடி போட்டால் வந்து அடிப்பார்கள், அதற்குப் பின்னும் அடங்காவிட்டால் இன்னும் பெரிய கும்பலாக வருவார்கள். உரிமம் 5,000 தங்கம். எல்லோரும் காசைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கட்டாதீர்கள். எப்போது சண்டை என்பதை நாம் தீர்மானிக்கிற, எங்கே நிற்பது என்பதை நாம் தேர்ந்தெடுக்கிற, படிப்படியாகக் கடினமாகிற தேர்வு இந்த விளையாட்டில் வேறு எங்கும் இல்லை. மூலத்தில் ஒரு வேடிக்கையாகக் கிடந்த விஷயத்தை மாட் தானறியாமல் ஒரு பாடத்திட்டமாக்கியிருக்கிறது.

அதற்கு மேலே போனால் மறுபடி ஒரு தட்டை. இம்முறை கஷ்டத்தால் இல்லை, சலிப்பால். காரணம் இன்ஜினின் நிரலில் இருக்கிறது. எதிரியின் மூளை என்பது ‘இப்படி என்றால் அப்படிச் செய்’ என்ற கட்டங்களின் நீளப் பட்டியல். மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, எந்த நிபந்தனை முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்யும். ஒரே கட்டத்துக்குள் சில செயல்களுக்கு எடை கொடுத்துக் குலுக்கல் போடலாம், அவ்வளவுதான் தற்செயல். எஸ்.சி.எஸ். இந்தப் பட்டியலை எழுத ஒரு தனிக் குறுமொழியையே உருவாக்கியிருக்கிறது, அந்த உழைப்புக்கு நான் தொப்பியைக் கழற்றுவேன். ஆனாலும் பட்டியல் பட்டியல்தான். மேலே உள்ள பத்து வரி என்ன என்று தெரிந்துவிட்டால் முப்பதாவது மந்திரவாதியும் மூன்றாவது மந்திரவாதியும் ஒரே ஆள்தான். லிச்சுகள் ஐந்தாம் படிவரை எதையும் மதிக்காது, பிரீச் செல்லாது என்பது போன்ற விதிவிலக்குகள் கொஞ்ச நேரம் உயிர் கொடுக்கும். அப்புறம் அதுவும் பாடம்.

தட்டையைத் தாண்டிச் சொற்றொடர் நிலைக்குக் கொண்டுபோகிற சண்டை என்று எனக்குத் தோன்றுவது ட்விஸ்டட் ரூன். பாலப் பகுதியில் ஒரு கதவு, ரோக் ஸ்டோன் இருந்தால் திறக்கும். உள்ளே ஒரு லிச், ஒரு மந்திரவாதி, ஒரு ரத்தக்காட்டேரி, ஒரு பிஹோல்டர், ஒரு வீரன். ஒவ்வொருவரின் பட்டியலும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஐந்து பட்டியல்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்கு இரையாகிறது. லிச்சின் பாதுகாப்பை உரிக்கிற ஆளை பிஹோல்டர் பார்த்துவிடுகிறது, பிஹோல்டரை மறிக்கப் போகிறவனின் நிலையை ரத்தக்காட்டேரி உறிஞ்சிவிடுகிறாள். தனித்தனியாகத் தெரிந்த சொற்கள், முதல் தடவை ஒரு வாக்கியமாக வருகின்றன. எஸ்.சி.எஸ். இந்த மாதிரிக் கலப்பு அணிகளை இன்னும் நிறைய வைத்திருக்க வேண்டும். ஒரே வகை எதிரியைத் தனியாக இன்னும் இன்னும் கூர்தீட்டுவதற்குச் செலவழித்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருந்தால் கடைசி மூன்றில் ஒரு பங்கு விளையாட்டு இப்படி உலர்ந்து கிடக்காது.

புதுசா போடப் போறவங்க கேட்டால் நான் சொல்கிற ஏற்பாடு இது. முதல் பாகத்திலிருந்தே ஆரம்பியுங்கள், நேராக இரண்டுக்குப் போக வேண்டாம். குறுகிய நேரப் பாதுகாப்புகளை உடனடியாகப் போடும் தேர்வுக்கு ‘வேண்டாம்’ சொல்லுங்கள். குரல்கள் காதில் பதிந்த பிறகு அடுத்த ஆட்டத்தில் ‘சரி’ சொல்லலாம். மேம்பட்ட பதிப்பில் புதிய எஸ்.சி.எஸ். விளையாட்டின் கஷ்ட நகர்த்தியையே மதிக்கிறது, அதனால் நடுவில் ஏற்றி இறக்கவும் முடியும். இரண்டாம் பாகத்தில் சந்தை விடுதியின் மாடிக்கு ஒன்பதாம் நிலை வரை போகாதீர்கள். அதற்குள் ட்ரோல்கள் நிறைந்த டி’ஆர்னிஸ் கோட்டையை முடித்துக்கொள்ளுங்கள். அங்கே நெருப்பும் அமிலமும் இருந்தால் போதும், ரூபி ரே எல்லாம் தேவைப்படாது.